கெடு

மூன்று நாள்தான் கெடு.
கையெழுத்து காய்ந்ததிலிருந்து
ஞாயிறு நீங்கலாக மூன்று நாள்.
விற்ற விலையை அதற்குள் பட்டியலில் ஏற்றாவிட்டால்
நான் கடிதம் எழுதுவேன்.

டுலூத் தரகர் சங்கம், மூன்றாம் மாடி,
ஏரியைப் பார்க்காத ஜன்னல்.
தாமதங்களை எண்ணுவது என் உத்தியோகம்.
முதல் நாளுக்கு ஐம்பது டாலர்,
அப்புறம் நாளொன்றுக்கு இருபத்தைந்து.
சாக்குகளுக்குத் தனிக் கோப்பு:
கணினி படுத்துவிட்டது,
மகளுக்குக் காய்ச்சல்,
பனிப்புயலில் மின்கம்பம் சாய்ந்தது.
ஒருவர் எழுதியிருந்தார்,
விற்ற சந்தோஷத்தில் மறந்துபோனேன் என்று.
அவருக்கும் அதே ஐம்பது.

லோர்னா ஸ்டென்ஸ்ருடுக்குப்
பத்தொன்பது வருடத்தில் ஒரு கடிதம் போனதில்லை.
விற்ற அன்று மாலையே ஏற்றிவிடுகிறவள்.
யாரும் கேட்காத கூரையின் வயதைக்கூட
எழுதிவைக்கிறவள்.
இந்த ஜனவரியில் பதினோரு நாள் பிந்தினாள்.

ஜூனிபர் தெரு, 418.
அஸ்திவாரத்தில் விரிசல், நிலவறையில் தண்ணீர்.
நூற்று நாற்பதாயிரத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.
அந்தத் தெருவில் அத்தனை சின்ன எண்
அதுவரை விழுந்ததில்லை.

கடிதத்தை மடிக்குமுன்பே காசோலை வந்துவிட்டது.
முந்நூறு டாலர். சரியான கணக்கு.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்:
மறதி.

மறந்தவர்கள் நாள் எண்ணுவதில்லை.

அந்தத் தெருவைத் திறந்து பார்த்தேன்.
422. அதே தச்சன், அதே வருடம், அதே மூன்று அறை.
லோர்னா மறந்திருந்த பதினோரு நாளில்
ஒன்பதாம் நாள் கைமாறியிருக்கிறது.
மதிப்பிட வந்தவன் பட்டியலைத்தானே பார்ப்பான்?
ஒரு வீட்டுக்குப் பக்கத்து வீடுதான் சாட்சி.
வேலிக்கு ஓணான் போல.
இந்தக் குளிரில் ஓணானுக்கு எங்கே போக,
வேலியே பனிக்கு அடியில் கிடக்கிறது.
சாட்சி வாய் திறக்கவில்லை.
நூற்று அறுபதாயிரம்.

விற்றவர் ஹார்வி லுமா.
இரும்புத் தாதுக் கப்பலில் முப்பது வருடம்.
சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின்
ரோசெஸ்டரில் மகன் வீட்டுக்குப் போகிறார்,
வாரம் மூன்று முறை ரத்தம் கழுவிக்கொள்ள.
லோர்னா அவருடைய தரகர் அல்ல.
காலணா கமிஷன் கிடையாது.

அன்று மதியம்
லோர்னாவுக்கு ஒரு கேக் வாங்கித் தரலாமா என்றுகூட
யோசித்தேன்.
பிறகு பக்கத்தைக் கொஞ்சம் கீழே நகர்த்தினேன்.

வாங்கியவர்: துவா சியோங்.
எட்டாம் தடத்துப் பேருந்து ஓட்டுநர்.
நான் தினமும் ஏறுகிற வண்டி.
முப்பது வருடக் கடன்.
அதற்குள் எங்கேயோ
யாரோ சொல்லாமல் விட்ட இருபதாயிரம்
வட்டியோடு உட்கார்ந்திருக்கிறது.
தாமதம் ஒன்று. அதில்
ஒருவர் பிழைத்தார், ஒருவர் கெட்டார்.
முந்நூறு மட்டும் சங்கத்துக்கு வந்தது.

வேண்டுமென்றே மறைத்ததற்கு வேறு படிவம்.
ஆயிரம் டாலர், விசாரணை, உரிமம்.
சந்தேகம் எழுந்தால்
எழுத்தர் ஐந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.
விதி பதினான்கு, உட்பிரிவு இ.
நானேதான் தட்டச்சு செய்தேன் அதை.

இன்று ஏழாவது நாள்.

படிவம் மேசை இழுப்பறையில்,
பாதி தின்ற பட்டாணிப் பொட்டலத்துக்குக் கீழே.
பெயர் எழுதும் இடம்வரை நிரப்பியிருக்கிறேன்.
எந்தப் பெயர் என்றுதான்
மறுபடி மறுபடி பேனா நிற்கிறது.

காலையில் உறைந்த நடைபாதையில்
பையை அணைத்தபடி ஓடினேன்.
நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.
சியோங் கண்ணாடியில் பார்த்துவிட்டார்,
கதவை மூடவில்லை.
மெதுவா வாங்க, வழுக்கும் என்றார்.
புதுச் சாவி ஒன்று
ஸ்டியரிங் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

என்னால்
வண்டி இரண்டு நிமிடம் பிந்திக் கிளம்பியது.